தறிக்கு மேலே ஒரு கண்ணாடி

போன மாதம் என் மகன் வீட்டு மாடியில், வெயிலைப் பிடித்துக் கரண்டாக்கும் தகடு வைப்பதற்காக ஒருவர் வந்து அளந்துகொண்டு போனார். தெற்கே எவ்வளவு இடம் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது, தளம் பாரம் தாங்குமா, போட்ட காசு எத்தனை வருஷத்தில் திரும்பி வரும் என்று மகனும் மருமகளும் அவரும் ஒரு பகல் முழுக்கப் பேசினார்கள். எனக்குக் கேட்கக் கேட்கக் கொட்டாவிதான் வந்தது. இந்தப் பேச்சையெல்லாம் நான் அறுபதுகளிலேயே பேசித் தீர்த்துவிட்டேன். சோலார் என்ற வார்த்தை அப்போது எங்கள் தெருவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். வெயிலை வீட்டுக்குள் கொண்டுவர நாங்கள் கூரையில் கண்ணாடி வைத்தோம். ஒரே ஒரு கண்ணாடி. அதற்குப் பட்ட பாடு இருக்கிறதே, இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு அசந்துபோகிறது.

காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு வீடுகள் ரயில்பெட்டி மாதிரி. அகலம் கிடையாது, நீளம் உண்டு. தெற்கே தெருவாசல், வடக்கே அடுக்களை, அதையும் தாண்டினால் ஒரு துண்டுக் கொல்லை. இரண்டு பக்கமும் பொதுச் சுவர் என்பதால் ஜன்னலுக்கு வழியில்லை. நடுக்கூடத்தில் தரையைத் தோண்டிக் குழித்தறி போட்டிருந்தோம். குழிக்குள் காலை விட்டு மிதிப்பலகையை மிதித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் நெய்வார். எங்கள் ஊர்ப் புடவையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். இரண்டையும் இழையோடு இழை கோத்து நெய்ய இரண்டு பேர் வேண்டும். குறுக்கிழையைக் கொண்டுபோகும் பெரிய நாடாவை அவர் ஓட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுவது நான். எனக்கு அந்த வேலை பிடிக்கும். அதில் பெருமை கிருமை ஒன்றும் இல்லை. அன்றாடத்தில் யாரும் என்னிடம் தண்ணீர் கொண்டா, சோறு போடு என்று சொல்லாத நேரம் அது ஒன்றுதான்.

வீட்டில் கொஞ்சநஞ்சம் வெளிச்சம் வந்தது கொல்லைப் பக்கத்திலிருந்து. அதையும் அடைத்துவிட்டார் என் சின்ன மாமனார். மாமனாரின் தம்பி அவர். ஒரே வீட்டை இரண்டாகப் பிரித்துப் பக்கத்துப் பாதியில் இருந்தார். தன் கொல்லையில் மேலே ஓர் அறை எழுப்பினார். அன்றைக்கு முதல் எங்கள் கூடத்தில் பட்டப்பகலில் விளக்கேற்ற வேண்டியதாயிற்று. கேட்டால், "என் இடத்துல நான் கட்டிக்கினேன், உனக்கு இன்னா வந்துது?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு இழை பார்க்க முடியுமா?

இருட்டில் அறுந்த இழை கண்ணுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் அதை முடிச்சுப் போடாமலே நெய்துகொண்டு போய்விடுவார். புடவையை விரித்தால் நடுவே கோடு ஓடியிருக்கும். தறியில் நீளவாக்கில் விரிக்கும் பட்டிழையை, அதாவது பாவை, எங்களுக்குக் கொடுத்து நெய்து வாங்கிய பட்டுக்கடை முதலாளி இரண்டு தடவை பொறுத்தார். மூன்றாம் தடவை அவர் புடவையைக் கடைவாசல் வெளிச்சத்தில் பிடித்தபோது நானும் கூடப் போயிருந்தேன்.

"இன்னாப்பா, கண்ணு தெரியுதா இல்லியா உனக்கு?" என்றார். "எதுக்குப்பா அந்த இருட்டுல கெடந்து அல்லாடுற? நம்ம ஷெட்டுல வந்து நெய்யேன். லைட்டு இருக்குது, காத்து வருது."

"அப்பா படுக்கையா கெடக்குறாரு முதலாளி. அவரை வுட்டுட்டு எப்படி வர்றது?"

"சரி, இன்னும் ஒரு பாவு தரேன். அதுவும் பிழையா வந்துதுன்னா வீட்டுத் தறிய மறந்துடணும். இப்பவே சொல்லிட்டேன்."

ஷெட்டுக்குப் பெண்களை எடுக்க மாட்டார்கள். அங்கே கரை நாடா தள்ள வேறு ஆள் உண்டு. தறி போனால் கூடவே என் இடமும் போகும். நான் அடுக்களையில் உட்கார்ந்து புகையை விழுங்கிக்கொண்டு கிடக்கலாம். வழியெல்லாம் நான்தான் பேசினேன். "வெளிச்சம்தானே வேணும்? கொண்டாந்துடலாம் வாங்க" என்றேன். என்னமோ சந்தைக்குப் போய் வாங்கிவருவது போலச் சொல்லிவிட்டேன்.

கரண்ட் எங்கள் தெருவுக்கு வந்திருந்தது. கம்பம் நின்றது, கம்பி ஓடியது. வீட்டுக்குள் இழுப்பதற்குத்தான் பணம். முன்பணம் கட்ட வேண்டும், வயரிங் ஆளுக்குக் கூலி, மரப்பலகை, சுவிட்ச், அப்புறம் ஆயுசு முழுக்க பில். அதையாவது எப்படியோ புரட்டியிருப்போம். வீடு அண்ணன் தம்பி இருவர் பேரிலும் இருந்ததால் சின்ன மாமனாரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். "கரண்ட் வந்தா தீப்புடிக்கும், பொதுச் சுவரு" என்று அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். போதாததற்கு, பல்பு வெளிச்சத்தில் அரக்கும் கறுப்பும் ஒன்றாகத் தெரிகிறது, நிறம் பார்க்க வெயில்தான் வேண்டும் என்று கரண்ட் வைத்தவர்களே புலம்பினார்கள். கடைசியில் கூரையில் கண்ணாடி வைப்பது என்று முடிவாயிற்று. அதற்கு யார் கையெழுத்தும் வேண்டாம், மாதாமாதம் யாருக்கும் அழ வேண்டாம். ஒரு தடவை செலவு, அப்புறம் வெயில் இலவசம். என் மகனிடம் அந்தத் தகடுக்காரர் சொன்னதும் இதேதான்.

அந்த ஒரு தடவைச் செலவுக்கு என் கல்யாணத்து அண்டா பாத்திரக் கடைக்குப் போயிற்று. போகட்டும், அதில் தண்ணீர் தூக்கி என் இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம்.

தை பிறந்ததும் ஆசாரி வந்தார். அவர் வந்ததும் யோசனைகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன. எங்களுடையது நாட்டு ஓட்டுக் கூரை. சின்னச் சின்ன ஓடு. அதன் நடுவே கண்ணாடி நிற்காது, மரச்சட்டம் அடித்துத்தான் பதிக்க வேண்டும். ஓடு தாங்கும் கைமரத்தை அறுத்தால் கூரை இறங்கிவிடும், ஆகவே இரண்டு கைமரத்துக்கு நடுவே அடங்குகிற அளவுதான் கண்ணாடி. தெற்குச் சரிவில் வைத்தால் வெயில் வரும். வடக்குச் சரிவில் வைத்தால் சின்ன மாமனாரின் மாடி நிழல். சட்டத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசாவிட்டால் மழை நேராகத் தறியில் இறங்கும். இதெல்லாம் முடிந்தது என்று மூச்சு விடும்போது என் வீட்டுக்காரர், "கொரங்கு?" என்றார்.

அதை மறந்தே போனோம். கோயில் குரங்குகளுக்கு எங்கள் கூரைதான் ராஜபாட்டை. கண்ணாடிக்கு மேலே கம்பி வலை போட வேண்டும். வலைக்குத் தனிச் செலவு. வலை போட்டால் வெளிச்சம் கொஞ்சம் குறையும். அடுக்களைப் புகை கீழிருந்து படியும், மாதம் ஒரு தடவை துடைக்க வேண்டும். யார் துடைப்பது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

படுத்திருந்த மாமனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஒரு ஓட்டையப் போடுறதுக்கு இவ்ளோ பேச்சா? ஒங்க பேச்சக் கேக்கறத்துக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன்பா" என்றார்.

ஆசாரி நூலில் கட்டிய தூக்குக்குண்டைக் கூரையிலிருந்து தொங்கவிட்டுப் பார்த்தார். குண்டு ஆடி நின்ற இடம், நெய்கிறவருக்கு முன்னால் பாவு விரிந்து கிடக்கும் இடம். "வெளிச்சம் சரியா இழை மேல எறங்கும்" என்றார். எங்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

கண்ணாடி பதித்த அன்றைக்கு நான் அழுதுவிட்டேன், சொன்னால் என்ன. அத்தனை வருஷம் குடித்தனம் செய்த கூடத்தின் சுவர் என்ன நிறம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அசிங்கமான நிறம். ஆனாலும் தெரிந்ததே! இழை ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. அவர் குழியில் உட்கார்ந்து, ஒன்றும் நெய்யாமல், பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்லா இருக்குதும்மா" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து ரொம்ப நாளாகியிருந்தது.

தை மாதத்து வெயில் சாய்ந்து வரும். கண்ணாடி வழியாக இறங்கிய வெயில் தறி மேல் விழவே இல்லை. தறியைத் தாண்டி வடக்கே போய் அடுக்களை வாசற்படியில் விழுந்தது. தறிக்குக் கிடைத்தது சுற்றுமுற்றும் பரவிய வெளிச்சம் மட்டும்தான், அதுவே போதும். வீட்டுக்குள் வந்த வெயிலை நான் வீணாக்கவில்லை. முறத்தில் மிளகாய் பரப்பி உச்சிவேளையில் படியில் வைத்தேன். பாதி வெயில் மிளகாய்க்கு, பாதி மாமனாரின் காலுக்கு. குளிருக்கு அவர் கால் மரத்துப்போகும். பாயை இழுத்துப் போட்டால் முழங்காலுக்குக் கீழே வெயில் படும். "மானம் தெரியுதும்மா" என்பார். படுத்தபடியே மேலே பார்த்துக் குரங்கு போனால் எனக்குச் சொல்வார். கண்ணாடிக்கு அதிகம் சண்டை போட்டவள் நான், அதிகம் அனுபவித்தவர் அவர்.

மாசி, பங்குனி என்று போகப் போக அந்த வெயில் வாசற்படியை விட்டுத் தெற்கே நகர்ந்துவந்தது. முறத்தை நான் நகர்த்தினேன், பாயையும் நகர்த்தினேன். பங்குனிக் கடைசியில் அது தறியின் ஓரத்துக்கு வந்துவிட்டது.

"ஏங்க, வெயில் பாவு மேல ஏறப்போவுது. சாயம் போயிடாது?"

"ஓடுற தறிய வெயில் இன்னா பண்ணும்? இன்னிக்கி இருக்குற இழை நாளைக்கி முன்னால போயிடுது. ஒரே எடத்துல நின்னாத்தானே வெளுக்கும்?"

அது சரிதான். நெய்ய நெய்யப் பாவு முன்னால் வந்துகொண்டே இருக்கும். எந்த இழையும் வெயிலில் நிற்காது. எங்கள் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். தறி ஓடும் என்றே எல்லோரும் கணக்குப் போட்டோம். கைமரம், மழை, குரங்கு, புகை எல்லாவற்றையும் யோசித்த நாங்கள் தறி நிற்கும் என்பதை யோசிக்கவில்லை.

முதலாளி கடைசியாகக் கொடுத்த பாவில் இரண்டு புடவை பிழையில்லாமல் போயிற்று. முதலாளி ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்தார். அதுவே அவரிடம் பெரிய பாராட்டு. மூன்றாவது புடவை தறியில் இருந்தது. அரக்கு உடல், பச்சைக் கரை. அதுவும் நல்லபடியாக இறங்கினால் தறி வீட்டோடு இருக்கும். சித்திரை பிறந்து சில நாளில் மாமனார் இறந்துபோனார். விடியற்காலையில், பாயில், சத்தமில்லாமல்.

சாவு விழுந்த வீட்டில் கருமாதி முடிகிற வரைக்கும் தறியைத் தொடக் கூடாது. எங்களில் அது சோறு தண்ணீர் மாதிரி, யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. வீட்டார் தொடக் கூடாது, பங்காளி தொடக் கூடாது. வெளி ஆளும் தொட மாட்டான், தீட்டுப்பட்ட தறியைத் தொட்டுவிட்டு அவன் தன் தறியில் எப்படி உட்காருவான்? பாவு விரித்தபடி அப்படியே நின்றது. சித்திரை வெயில் உச்சிக்கு வந்து, கண்ணாடி வழியாகக் குண்டு கட்டிய மாதிரி நேராக இறங்கி, அரக்குப் பட்டின் மேல் உட்கார்ந்தது. மறுநாளும் அதே இடத்தில். அதற்கு மறுநாளும்.

ஒரு துணியைப் போட்டு மூடலாமா என்று சின்ன மாமியாரிடம் கேட்டேன். அவர்தான் துக்கத்துக்குப் பெரியவராக உட்கார்ந்திருந்தார்.

"இன்னாடி பேசற? மாமனார் போயி பால் தெளிச்ச சூடு ஆறல, உனக்குத் தறி ஞாபகம் வருதா? தீட்டுத் துணிய தறி மேல போடுவியா?"

கூட இருந்த பெண்களெல்லாம் என்னைப் பார்த்தார்கள். மாமனாருக்குக் கஞ்சி ஊற்றிக் கால் தேய்த்துவிட்டவள் நான். துக்கம் எனக்கு இல்லையா? துக்கமும் இருந்தது, தறியும் இருந்தது. இரண்டையும் ஒரே தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தறியைத்தானே தொடக் கூடாது, கூரையைத் தொடலாமே என்று தோன்றியது. ஆசாரிக்குச் சொல்லியனுப்பினேன். அவர் ஏறி ஒரு கோணிச் சாக்கைக் கண்ணாடி மேல் போட்டு, ஓரத்தில் ஓடுகளை அடுக்கிவிட்டுப் போனார். அன்றைக்கு ஒரு நாள் நிம்மதி. மறுநாள் காலையில் குரங்குகள் சாக்கை இழுத்துக்கொண்டு நாலு வீடு தள்ளிப் போட்டிருந்தன. மறுபடி ஏறினார், மறுபடி இழுத்துப் போட்டன. மூன்றாம் தடவை கூப்பிட எனக்கே வெட்கமாக இருந்தது. கொள்ளையில் போகிற குரங்குகள்!

அப்புறம் நான் முறத்தை எடுத்தேன். வெயில் தறி மேல் ஏறும் நேரத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, இரண்டு கையாலும் முறத்தை உயரத் தூக்கிப் பிடித்தேன். தறியை நான் தொடவில்லை. நிழல் மட்டும்தான் தொட்டது. நிழலுக்குத் தீட்டு உண்டு என்று எந்தப் பெரியவளும் சொல்லவில்லை. வெயில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கடந்து போகிற வரைக்கும் அதே இடத்தில் நிற்க வேண்டும். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கும். நடுவில் யாராவது துக்கம் கேட்க வந்துவிட்டால் முறத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து அழ வேண்டும். அழுதுவிட்டு வந்து மறுபடி தூக்க வேண்டும். என் வீட்டுக்காரர் மொட்டையடித்த தலையோடு சுவரோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நான் பிடிக்கிறேன் என்றும் சொல்லவில்லை. கொள்ளி வைத்தவர், அவரால் என்ன செய்ய முடியும்? இருந்தாலும் எனக்குக் கோபம் வந்தது.

கருமாதி முடிந்து, வீட்டைக் கழுவி, தறிக்கு மஞ்சள் தெளித்து உட்கார்ந்தோம். பாவின் மேல் குறுக்கே ஒரு பட்டை ஓடியிருந்தது. அரக்கு வெளுத்துச் செங்கல் நிறமாகியிருந்தது. நாளாக ஆக அந்தப் பட்டை எங்களை நோக்கி வந்தது. குறுக்கே அரக்கு ஊடையைக் கொடுத்து அதை எவ்வளவு மறைக்க முடியுமோ அவ்வளவு மறைத்து நெய்தோம். இழை ஒன்றுகூட அறவில்லை. உடலும் கரையும் சேரும் கோர்வையில் ஒரு பிழை கிடையாது. நாங்கள் நெய்ததிலேயே அதுதான் நல்ல புடவை என்று இன்றைக்கும் நான் அடித்துச் சொல்வேன்.

முதலாளி வாசல் வெளிச்சத்தில் விரித்தார். பட்டை வந்த இடத்தில் கை நின்றது. துக்க விஷயம் அவருக்குத் தெரியும், நாங்களும் நடந்ததைச் சொன்னோம். அவர் கெட்ட மனுஷர் இல்லை. ரொம்ப நேரம் தடவிப் பார்த்தார்.

"வெளுத்தது பரவால்லப்பா. ஒரே சீரா வெளுத்துருந்தா குறுக்குப் பட்டைன்னு சொல்லி எப்படியாவது தள்ளியிருப்பேன். கேக்கறவங்க இருக்காங்க. ஆனா நடுவுல பாரு, இங்க மட்டும் திட்டா, கறுப்பா, கறை மாதிரி. இது இன்னா இது? இத எப்படி விக்கிறது?"

நான் எட்டிப் பார்த்தேன். தறியில் நாங்கள் வெளுத்ததைத்தான் பார்த்திருந்தோம். வெளுத்த பட்டைக்கு நடுவே ஓரிடம் வெளுக்காமல் நல்ல அரக்காக நின்றது. ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். முறத்தின் அளவு.

என் வீட்டுக்காரரும் பார்த்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. இரண்டு பேரும் கும்பிட்டுவிட்டு இறங்கினோம். தெருவில் நடக்கும்போது, "உன்னால ஆனத நீ செஞ்ச" என்றார்.

"செய்யாம கம்முனு ஒப்பாரி வச்சிக்கினு இருந்திருந்தா தறி இருந்திருக்கும்" என்றேன்.

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் நல்ல நாள் பார்த்துத் தறியைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். அவர் காலையில் ஷெட்டுக்குப் போய்விட்டார். அங்கே நிறைய வெளிச்சம். குழியை மண் போட்டு மூடிவிடலாம் என்று சின்ன மாமனார் வந்து சொன்னார். இருக்கட்டும் என்றேன். அன்றைக்கு மிளகாய் காயவைக்க முறத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். ஆவணியில் வெயில் மறுபடியும் உச்சிக்கு வந்திருந்தது. பாவு கிடந்த இடத்தில் வெறும் தரை. கண்ணாடி வழியாக வெயில் நேராக அதன் மேல் இறங்கியிருந்தது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு நான் போய் அதில் நின்றேன். வெயில் என் உச்சந்தலையில் விழுந்தது. ஆசாரி குண்டு கட்டிப் பார்த்த இடம் ஒரு விரல்கூடத் தப்பவில்லை.